பதினோரு மணிக்கட்டு

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால்
அரைமணி நேரம் என் கடைக்கு ஆள் வரும்.
கூட்ஸ் வண்டி இன்ஜின் மாற்றிக்கொண்டிருக்க
பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே நுழைகிறவர்களில்
பாதிப்பேர் கேட்பது ஒரே படத்தை:
எட்டு நாள் ஓடி, ஒன்பதாம் நாள்
தியேட்டர்காரரே போஸ்டரைக் கிழித்த
‘மும்முனைப் பேய்’.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்.
ஷாக்கடித்துச் செத்த மோட்டார்க் கொட்டகைப் பேய்.
இருட்டென்றால் அதற்குப் பயம்.
டார்ச்சோடுதான் வரும்,
அதுவும் மும்முனைக் கரண்ட் விடுகிற ராத்திரியில் மட்டும்.
ஓட்ட வருகிறவர் மந்திரவாதி இல்லை, லைன்மேன்.
வேப்பிலைக்குப் பதில் கட்டிங் பிளேயர்.
கடைசிவரை பேய்க்கு ஒரே வசனம்:
“கரண்ட் வந்துடுச்சா?”

அதைப் பிடரியில் எழுதிக்கொண்டது
அறுவடை மெஷின் ஓட்டும் அய்யாறப்பன்.
(முன்பக்கம் எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்களாம்.)
பாலிடெக்னிக் இளஞ்சேரனுக்கு முழங்கையில் மீட்டர் பெட்டி,
கையை மடக்கினால் சிவப்பு விளக்கு கண் மூடும்.
மருந்துக்கடை புஷ்பமேரி கேட்டது வாத்து.
இடைவேளைக்குப் பிறகு பேய் புகுந்துகொள்கிறதே, அந்த வாத்து,
கணுக்காலில், புடவை மறைக்கிற உயரத்தில்.
வாத்து முகத்தில் கோபம் வரவைப்பது லேசில்லை.
மூன்று முறை வரைந்தேன்.
மூன்றும் என் மாமனார் ஜாடை.

இதெல்லாம் சில்லறை.
கதவிடுக்கில் ஒரு கை நீண்டு
ஃப்யூஸ் கட்டையைத் தடவித் தேடுமே,
அந்த ஒன்பது விநாடிதான் எனக்கு வாடகை கட்டுகிறது.
மணிக்கட்டில், பிறையை மல்லாத்திப் போட்டாற்போல்
ஒரு தழும்பு.
மேக்கப்காரன் மேதை என்கிறார்கள்.
முதல் சாவின் முத்திரை என்கிறார்கள்.
மூணாறு தலைப்பு தாண்டி
வெண்ணாறு வளைகிற வளைவு அது என்று
போனில் மேப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினான் ஒருவன்.
எனக்கு வளைவு தெரியவில்லை. தலையாட்டினேன்.
இதுவரை பதினோரு மணிக்கட்டு,
ஒரே ஸ்டென்சில்.

நேற்று கேட் போட்டிருந்த நேரம்
ஒரு அம்மா வந்தார், கூடையில் இட்லித் துணி ஈரம் சொட்ட.
பேர் செங்கமலம். பஸ் ஸ்டாண்டு ஓரம் டிபன் கடை.
“ஒரு தழும்ப மறைக்கணும் தம்பி. பூவோ கொடியோ எதாச்சும்.”
வளையலை மேலே தள்ளி நீட்டினார்.

நான் கையைப் பார்த்தேன்.
மேசையில் கிடந்த ஸ்டென்சிலைப் பார்த்தேன்.

“இட்லிப்பானை விளிம்பு” என்றார்.
“சினிமாக்காரங்க நூத்தம்பது இட்லி கேட்டிருந்தாங்க.
கொண்டுபோனா, கை நடிக்க வந்த பொண்ணு
தண்ணிப்பாம்பப் பாத்துட்டு வேன்ல ஏறிக்கிச்சு.
நீ நீட்டும்மான்னாங்க, நீட்டினேன்.
அதுக்கு நானூறு ரூபா குடுத்தாங்க.
இட்லிக் காசுதான் இன்னும் வரல.”

படம் பார்த்தீர்களா என்றேன்.
“எங்க? எட்டு நாளும் கடை.”

பதினோரு பேரைச் சொன்னேன்.
“குத்துனா வலிக்குமா?”
வலிக்கும்.
“வலிச்சும் காசு குடுக்குறாங்களா?”
ஆயிரத்து இருநூறு.
தழும்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்,
செல்லுமா செல்லாதா என்று நோட்டைப் பார்ப்பதுபோல.

கேட் திறந்து ஹாரன்கள் கத்தின.
அவர் எழுந்திருக்கவில்லை.
“இது இருக்கட்டும்.
அந்த வாத்து எப்படியிருக்கும், காட்டு.”

தழும்புக்குக் கொஞ்சம் மேலே ஆரம்பித்தேன்.
தலை முடிந்தது. இந்த முறை கோபம் தானாக வந்தது.
உடம்புக்குப் போகும்முன் பொசுக்கென்று எல்லாம் அணைந்தது.
ஊசி நின்றது. ஃபேன் நின்றது.
டீக்கடைப் பாட்டு பாதியில் நின்றது.

கூடையைத் தேடி அந்தக் கை
என் மேசைமேல் மெதுவாக ஊர்ந்தது,
டிஷ்யூ, மை டப்பா, கத்தரிக்கோல்
ஒவ்வொன்றாகத் தொட்டு.
நாற்பது முறை பார்த்த காட்சி.
இப்போதுதான் முதுகுத்தண்டு சில்லிட்டது, சத்தியமாக.

“என்ன தம்பி,” என்றது இருட்டு,
“ஒரு டார்ச்கூட வச்சுக்க மாட்டியா?”